ஷெரி காப்ளர் சரியாக வரவில்லையா? பினாங்கு வெயிலில் எது கெடுகிறது, எப்படிச் சரிசெய்வது

பினாங்கில் கோடை என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. ஆனாலும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் தொடங்கி சித்திரைப் புத்தாண்டு வரைக்கும் வெயில் ஒரு பிடி கூடவே இருக்கும். அந்த மாதங்களில் பகல் விருந்துக்கு விஸ்கி பாட்டிலைத் திறந்தால் மூன்று மணிக்குள் பாதிப் பேர் நாற்காலியில் சாய்ந்துவிடுவார்கள். ஷெரி காப்ளர் அப்படிப்பட்ட பகலுக்கென்றே இருக்கிற பானம். ஷெரி என்ற ஸ்பெயின் நாட்டு வைன், கொஞ்சம் சர்க்கரை, இரண்டு துண்டு ஆரஞ்சு, நிறைய நொறுக்கிய ஐஸ், ஒரு ஸ்ட்ரா. அவ்வளவுதான்.

இவ்வளவு எளிதான பானம் ஏன் இத்தனை வீடுகளில் சப்பென்று வருகிறது? என் அனுபவத்தில் செய்முறையில் தவறு இருப்பது அபூர்வம். பாட்டிலில் இருக்கும், இல்லாவிட்டால் ஐஸில் இருக்கும். ஆகவே அளவுகளை மாற்றிப் பார்ப்பதற்கு முன்னால் இந்த இரண்டையும் சோதியுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக என் அளவு: இனிப்பில்லாத ஷெரி 90 மி.லி., சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் காய்ச்சிய பாகு 15 மி.லி., தோலோடு வெட்டிய ஆரஞ்சு வட்டம் இரண்டு. ஆரஞ்சையும் பாகையும் ஷேக்கரில் போட்டு லேசாக அழுத்தி, ஷெரியை ஊற்றி, ஐஸ் கட்டிகளோடு பத்து வினாடி குலுக்க வேண்டும். நொறுக்கிய ஐஸ் நிறைந்த டம்ளரில் வடிகட்டி, மேலே புதினா. 1862-ல் அமெரிக்காவில் அச்சான செய்முறையும் இதேதான்: இரண்டு வைன் கிளாஸ் ஷெரி, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மூன்று ஆரஞ்சுத் துண்டு. நூற்றறுபது ஆண்டு கழித்தும் அதில் மாற்ற ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சோதனை. பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி ஷெரியை, ஃபிரிட்ஜில் குளிரவைத்து, எதுவும் கலக்காமல் குடித்துப் பாருங்கள். தனியாகக் குடிக்க நன்றாக இல்லாத ஷெரி காப்ளரிலும் நன்றாக இருக்காது. ஐஸும் ஆரஞ்சும் அதை மறைத்துவிடும் என்று நம்பாதீர்கள்.

அறிகுறி: உயிரே இல்லை, வெட்டிவைத்துப் பழுப்பேறிப்போன ஆப்பிள் மாதிரி வாடை

அதிகம் பேர் வீட்டில் நடப்பது இதுதான். காரணமும் ஒன்றுதான்: பாட்டில் திறந்து நாளாகிவிட்டது.

நம் வீடுகளில் வெளிநாட்டுப் பாட்டிலுக்கு ஷோகேஸில் ஓர் இடம் உண்டு. விஸ்கியும் பிராந்தியும் அங்கே ஆண்டுக்கணக்கில் நின்றாலும் ஒன்றும் ஆகாது. ஷெரி அப்படி இல்லை. அது வைன். ஸ்பெயினின் தென்கோடியில் ஹெரெஸ் நகரைச் சுற்றியுள்ள பகுதியில் பலோமினோ திராட்சையிலிருந்து வைன் எடுத்து, அதில் திராட்சை ஸ்பிரிட் சேர்த்து வலுவேற்றுகிறார்கள். ஆனாலும் அதில் ஆல்கஹால் 15 முதல் 20 விழுக்காடு சொச்சத்தில்தான் நிற்கிறது. திறந்த ஷெரி பாட்டிலைத் திறந்த பால் பாக்கெட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள், தப்பாது.

எந்த வகை எத்தனை நாள் தாங்கும் என்பது அது பீப்பாயில் வளர்ந்த விதத்தைப் பொறுத்தது. ஃபீனோவும், கடலோரச் சான்லூக்காரிலிருந்து வரும் மன்சனியாவும் பீப்பாயில் ஓர் ஈஸ்ட் படலத்தின் கீழே வளர்பவை. அந்தப் படலம் காற்றை வைன் பக்கமே அண்டவிடாது. அப்படிப் பொத்தி வளர்த்த வைன், பாட்டிலைத் திறந்ததும் முதல் தடவையாகக் காற்றைச் சந்திக்கிறது, சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரம்தான் கணக்கு. ஒலொரோசோ வேறு ஜாதி. 17 விழுக்காட்டுக்கு மேல் வலுவேற்றினால் ஈஸ்ட் படலம் பிழைக்காது. அதனால் அது ஆரம்பத்திலிருந்தே காற்றோடு பழகி, கருத்து, முந்திரி வறுத்த மணத்தோடு வளர்கிறது. திறந்த பிறகும் ஃபிரிட்ஜில் ஒரு மாதம், அதற்கு மேலும்கூடத் தாங்கும். அமொந்தியாதோ இரண்டுக்கும் நடுவில்: முதலில் படலத்தின் கீழே, பிறகு காற்றில். இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம்.

ஃபீனோ கெட்டதா இல்லையா என்று பார்க்க, சின்னக் கிளாஸில் ஊற்றி வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடியுங்கள். நல்ல ஃபீனோ வைக்கோலின் வெளிர் மஞ்சளில் இருக்கும். ஓரத்தில் கிட்டத்தட்ட தண்ணீர் நிறம். தேன் நிறத்துக்குத் திரும்பியிருந்தால் அதன் நாள் முடிந்தது. மூக்கிலும் தெரியும். புதுசில் பச்சை பாதாம், புளிக்கவைத்த மாவு வாசம் வரும். கெட்டதில் ஆப்பிள் வாடை மட்டும் மிஞ்சும்.

மருந்து: திறந்தவுடன் ஃபிரிட்ஜ், நிமிர்த்தி வைத்து. படுக்கவைத்தால் காற்றுபடும் பரப்பு கூடும். பாதி குறைந்த பாட்டிலாக இருந்தால், மிச்சத்தைக் கழுவிக் காயவைத்த சின்னப் பாட்டிலில் வாய்வரை நிரப்பி மூடுங்கள். உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் போகும். வீட்டில் இரண்டே பேர் குடிப்பவர்கள் என்றால் 375 மி.லி. அரைப் பாட்டில் கிடைக்கும்போது அதையே வாங்குங்கள்.

கடையிலும் கவனம் தேவை. மலேசியாவில் மதுவுக்கு வரி அதிகம், ஷெரி கேட்பவர்களோ குறைவு. ஆகவே ஒரு பாட்டில் தட்டில் எத்தனை நாள் நின்றது என்று யோசித்துத்தான் வாங்க வேண்டும். கண்ணாடிச் சுவர் பக்கம் வெயில் படும் தட்டு, தூசி படிந்த தோள், இவை இருந்தால் ஃபீனோவைத் தொடாதீர்கள். அதே கடையில் ஒலொரோசோ இருந்தால் தைரியமாக எடுக்கலாம். வாங்கிய பிறகு பாட்டிலைக் காரில் விட்டுவிட்டு மணிக்கணக்கில் சுற்றவும் வேண்டாம். மூடிய காருக்குள் ஏறும் சூட்டில் திறக்காத பாட்டிலும் வெந்துவிடும்.

தளர்ந்துபோனதைக் கொட்ட வேண்டாம். வினிகர் நெடி வராத வரை கோழி வறுவலில், காளானில் ஊற்றி வற்றவிடலாம்.

அறிகுறி: முதல் வாய் அருமை, நாலாவது வாயில் வெறும் தண்ணீர்

ஐஸ் கோளாறு. இங்கே எல்லோரும் செய்யும் தவறு ஐஸைக் குறைப்பது. ‘ஐஸ் கரைந்துதானே தண்ணீராகிறது, அப்போ கம்மியாகப் போடுவோம்’ என்று தோன்றும். நடப்பது தலைகீழ். கொஞ்சமான ஐஸ், சூடான பானத்தைக் குளிர்விக்கவே முழுக்கக் கரைந்துபோகும். டம்ளர் நிறைய, வாய்க்கு மேல் குவிய ஐஸ் இருந்தால் பானம் நொடியில் உறைநிலைப் பக்கம் இறங்கிவிடும். அதன் பிறகு மெதுவாகவே கரையும். ஆகவே முதல் மருந்து: ஐஸைக் கூட்டுங்கள்.

இரண்டாவது, எல்லாமே முன்கூட்டியே குளிர்ந்திருக்க வேண்டும். ஷெரி, பாகு, ஆரஞ்சு மூன்றும் ஃபிரிட்ஜிலிருந்து வரட்டும். டம்ளர் அரை மணி நேரம் ஃபிரீசரில். முப்பத்திரண்டு டிகிரி அறையில் கிடந்த கண்ணாடி டம்ளர் மட்டுமே ஒரு கைப்பிடி ஐஸை விழுங்கிவிடும். சில்வர் டம்ளர் இருந்தால் இன்னும் நல்லது. ஃபிரீசரில் சட்டென்று குளிர்ந்துவிடும், கையில் பிடிக்கும்போதும் அந்தக் குளிர் தெரியும்.

மூன்றாவது, ஈரமான ஐஸ். மளிகைக் கடையில் பையில் விற்கும் குழாய் ஐஸ் வீட்டுக்கு வருவதற்குள் மேலே நீர் கோத்துவிடுகிறது. நடுவில் ஓட்டை வேறு. காற்றும் நீரும் படும் பரப்பு அதிகம். அதை அப்படியே போட்டால் பானத்தில் முதலில் சேர்வது தண்ணீர்தான். வாங்கிவந்ததும் வடிகட்டி, திரும்ப ஃபிரீசரில் இரண்டு மணி நேரமாவது இறுகவிடுங்கள்.

நொறுக்கும் விதமும் முக்கியம். தடித்த பருத்தித் துணி, பழைய வேட்டித் துணி நான்கு மடிப்பாக இருந்தால் போதும். ஐஸை அதில் சுற்றி முறுக்கிப் பிடித்து, அம்மிக் குழவியால் ஓங்காமல், விழும் கனத்திலேயே பத்துப் பதினைந்து அடி. துணியைப் பிரித்தால் உள்பக்கம் சொதசொதவென்று நனைந்திருக்கும். ஐஸ் துண்டுகள் காய்ந்து, ஒன்றோடொன்று மோதிச் சலசலக்கும். உடையும்போது வந்த நீரையெல்லாம் துணி குடித்துவிட்டது. மிக்சியில் அடித்தால் அந்த நீர் ஐஸோடே தங்கிவிடுகிறது. வேறுபாடு முதல் வாயிலேயே தெரியும்.

துண்டின் அளவு நிலக்கடலைப் பருப்பு. ஐஸ் கச்சாங் மெஷினில் சீவின ஐஸ் வேண்டாம். அது பஞ்சு, நிமிடத்தில் கூழாகிவிடும். கச்சாங்குக்கு அந்தக் கூழ்தான் சுவை, காப்ளருக்கு அதுவே எமன்.

இந்த பானத்துக்கும் ஐஸுக்கும் உள்ள உறவு தற்செயலானது இல்லை. காப்ளர் 1830-களில் அமெரிக்காவில் பரவியது. பாஸ்டனைச் சுற்றியுள்ள ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டியெடுத்த பனிக்கட்டியைக் கப்பலேற்றி விற்ற காலம் அது. அதே வியாபாரத்தைச் செய்த ஃபிரெடரிக் டியூடரின் ஐஸ் 1833-ல் கல்கத்தாவுக்கு வந்து இறங்கியது. 1842-ல் சென்னைக் கடற்கரையில் அவர் கட்டிய கிடங்குதான் இன்றைக்கும் ஐஸ் ஹவுஸ் என்று ஊரே சொல்லும் விவேகானந்தர் இல்லம். காசு கொடுத்து வாங்கிய அரிய பொருளைக் காட்டிக் குடிக்கிற பானமாகத்தான் காப்ளர் பிறந்தது. ஐஸில் கஞ்சத்தனம் காட்டினால் அது காப்ளரே இல்லை.

அறிகுறி: திகட்டுகிறது

லேபிளைப் படியுங்கள். ஃபீனோ, மன்சனியா, அமொந்தியாதோ, ஒலொரோசோ என்று மட்டும் இருந்தால் இனிப்பில்லாதது. ‘கிரீம்’ என்று இருந்தால் லிட்டருக்கு 115 முதல் 140 கிராம் சர்க்கரை. ‘மீடியம்’ இரண்டுக்கும் நடுவில், எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம். ‘பெத்ரோ ஹிமெனெஸ்’ வெயிலில் காயவைத்த திராட்சையில் செய்வது; லிட்டருக்கு 212 கிராமுக்குக் குறையாது, பாகு மாதிரியே ஊற்றும்.

இப்போது கணக்குப் போடுங்கள். கிரீம் ஷெரி 90 மி.லி. ஊற்றினால் அதிலேயே 10 முதல் 12 கிராம் சர்க்கரை வந்துவிடுகிறது. 15 மி.லி. பாகில் இருப்பது சுமார் 9 கிராம். ஆக, கிரீம் ஷெரிக்குப் பாகே வேண்டாம். ஆரஞ்சோடு ஒரு லிமாவ் கஸ்தூரியையும் (சின்ன எலுமிச்சை வகை) பிழிந்தால் சரியாகிவிடும். பெத்ரோ ஹிமெனெஸ் கையில் இருந்தால் அதைப் பாகுக்குப் பதிலாக இரண்டு தேக்கரண்டி மட்டும் சேர்த்து, மிச்சத்தை ஒலொரோசோவில் செய்யுங்கள். எனக்கு மிகவும் பிடித்த சேர்க்கை இது.

குலா மலாக்கா (தென்னை வெல்லம்) பாகு போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒலொரோசோவுக்குப் போடலாம், அந்தக் கருகிய வாசம் அதோடு ஒட்டும். ஃபீனோவுக்குப் போட்டால் ஃபீனோ இருந்த இடமே தெரியாது. கட்டாயம் வடிகட்டிப் போடுங்கள், மண்டி இருக்கும்.

அறிகுறி: மேலே சப்பென்று, அடியில் மட்டும் இனிப்பு

சர்க்கரையை அப்படியே போட்டிருக்கிறீர்கள். குளிர்ந்த ஷெரியில் அது லேசில் கரையாது. பாகு காய்ச்சி வையுங்கள்.

அறிகுறி: கசக்கிறது

ஆரஞ்சை இடித்துவிட்டீர்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியில்தான் கசப்பு இருக்கிறது. நமக்கு வேண்டியது தோலின் எண்ணெயும் சதையின் சாறும். மத்தால் இரண்டு மூன்று தடவை அமுக்கித் திருப்பினால் போதும். சாறு கசிவது தெரிந்ததும் நிறுத்துங்கள். தடித்த தோல் ஆரஞ்சு என்றால் வட்டத்தை மெலிதாக வெட்டுங்கள்.

காலையிலேயே பிழிந்துவைத்த சாறும் கசக்கும். தொப்புள் ஆரஞ்சு வகையில் இது இன்னும் கூடுதல்: பிழிந்தபோது இனித்த சாறு, நேரம் போகப்போகத் தனக்குள்ளேயே லிமோனின் என்ற கசப்புப் பொருளை உண்டாக்கிக்கொள்கிறது. ஆரஞ்சு மட்டும் அந்தந்த நேரத்தில்தான் வெட்ட வேண்டும்.

ஏற்கெனவே கசந்துவிட்ட டம்ளரைக் காப்பாற்ற, இரண்டு விரலால் எடுத்த உப்பில் பாதி. உப்பு கசப்பை அடக்கும். இனிப்பைக் கூட்டி மறைக்கப் பார்க்காதீர்கள், கசப்பும் திகட்டலும் சேர்ந்துகொள்ளும்.

சீனப் பெருநாள் சமயத்தில் வீடு நிறைய மண்டரின் கிடக்கும். அதையும் தாராளமாகப் போடலாம். மணம் அருமை, ஆனால் புளிப்பு போதாது. பாதி லிமாவ் கஸ்தூரி சேர்த்துக்கொள்ளுங்கள். விதைகளை எடுத்துவிட்டுப் பிழியுங்கள். விதை நசுங்கினால் மறுபடி கசப்புதான். ஒரு பழத்துக்கு மேல் போனால் காப்ளர் எலுமிச்சைச் சர்பத்தாகிவிடும்.

அறிகுறி: உப்புக் கரிக்கிறது

சமையல் ஷெரி வாங்கியிருக்கிறீர்கள். அதில் உப்பு சேர்த்தே வரும். காப்ளருக்கு ஆகாது, அடுப்படிக்கு அனுப்புங்கள். மன்சனியாவில் நாக்கின் ஓரத்தில் மெலிதாகக் கடல்காற்று போல ஒன்று தோன்றுவது வேறு, அது குறையில்லை.

அறிகுறி: ஸ்ட்ரா அடைத்துக்கொள்கிறது

ஷேக்கரிலிருந்து ஊற்றும்போது தேநீர் வடிகட்டியையும் கீழே பிடியுங்கள். சக்கை, விதை, புதினாத் துணுக்கு மூன்றும்தான் அடைப்பவை. புதினாவை ஷேக்கருக்குள் போட வேண்டாம், மேலே மட்டும் போதும். காகித ஸ்ட்ரா நம் ஈரப்பதத்தில் பாதி டம்ளருக்குள் துவண்டுவிடுகிறது. எவர்சில்வர் ஸ்ட்ராவே உத்தமம். ஸ்ட்ராவை எடுத்துவிடலாமே என்றால், முடியாது. வாய்வரை குவிந்த நொறுக்கிய ஐஸ் பல்லில் இடிக்காமல் குடிக்க வேறு வழியில்லை. ஸ்ட்ரா என்ற பழக்கத்தையே பரப்பியவற்றில் காப்ளர் முக்கியமானது. அந்தக் காலத்தில் வைக்கோல் தண்டில் குடித்தார்கள். மார்வின் ஸ்டோன் காகித ஸ்ட்ராவுக்குக் காப்புரிமை வாங்கியது 1888-ல்.

அறிகுறி: குளிர்ச்சி இருக்கிறது, மணம் இல்லை

அதிகக் குளிரில் எந்த வைனும் மணத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மணத்தை நாம்தான் மேலே வைக்க வேண்டும். புதினாக் கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, ஸ்ட்ராவை ஒட்டினாற்போல் செருகுங்கள். ஸ்ட்ரா டம்ளருக்கு மேல் இரண்டு விரற்கடைக்கு மேல் நீளக் கூடாது. அப்போதுதான் குடிக்கிறவர் மூக்கு புதினாவுக்குள் போகும்.

ஒலொரோசோ, அமொந்தியாதோ என்றால் புதினாவைவிட ஜாதிக்காய். பினாங்கில் இருந்துகொண்டு பாக்கெட் பொடி வாங்குவது பாவம். பாலிக் புலாவில் விளைகிற காய் இருக்கிறது. ஜாதிக்காய் கொட்டையை வாங்கி, துருவியில் இரண்டே இழுப்பு, ஐஸ் குவியலின் மேல். அதிகம் துருவினால் மருந்து வாடை வந்துவிடும். சௌராஸ்தா சந்தையில் விற்கும் ஜாதிக்காய் ஊறுகாயில் ஒரு கீற்றைப் பக்கத்தில் வைத்தால் கடித்துக்கொள்ளவும் ஆச்சு.

அறிகுறி: “என்ன மச்சான், ஒண்ணுமே ஏறலையே?”

இது பானத்தின் கோளாறு இல்லை, ஆனாலும் ஒவ்வொரு விருந்திலும் கேட்கும் குரல். 15 விழுக்காட்டு ஃபீனோ 90 மி.லி. என்றால் டம்ளரில் 13.5 மி.லி. சுத்த ஆல்கஹால். 5 விழுக்காட்டு பீர் 320 மி.லி. டின்னில் 16 மி.லி. ஆக ஒரு காப்ளர் ஒரு டின் பீரைவிடச் சற்றுக் குறைவு. ஐஸ் கரைந்த நீரெல்லாம் சேர்ந்தபின் டம்ளரில் இருப்பது ஏறக்குறைய வைனைவிட மெலிந்த பானம்தான். பகல் முழுக்கப் பேசிக்கொண்டே குடிப்பதற்கு அதுதான் அழகு.

மச்சானுக்காக அதில் பிராந்தி ஊற்றாதீர்கள். ஷெரியின் மணம் செத்துவிடும். கனம் வேண்டுமென்பவருக்கு ஃபீனோவுக்குப் பதில் ஒலொரோசோவில் செய்து கொடுங்கள். நாக்குக்குக் கனமாகத் தெரியும், பெரும்பாலானவர்கள் அதோடு திருப்தி அடைவார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஜூஸ் மாதிரி இறங்குவதால் கணக்குத் தவறி மூன்று நான்கு போய்விடும். மேசையில் தண்ணீர்க் கூஜா கட்டாயம் இருக்கட்டும். 2020 அக்டோபரிலிருந்து வண்டி ஓட்டுபவருக்கான வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50-ஆகக் குறைந்திருக்கிறது. பாலம் தாண்டிப் பட்டர்வொர்த் போக வேண்டியவருக்குக் காப்ளரே வேண்டாம். அவருக்கும், குடிக்காதவர்களுக்கும், இருபத்தொன்று ஆகாத பிள்ளைகளுக்கும் அம்ரா காய் ஜூஸில் அசாம் போய் (உப்பிட்டு உலர்த்திய பிளம்) போட்டு, அதே நொறுக்கிய ஐஸ், அதே புதினாவோடு கொடுங்கள்.

அறிகுறி: இரண்டு பேருக்கு நன்றாக வருகிறது, பத்துப் பேருக்குச் சொதப்புகிறது

ஒரே ஆள் பத்து டம்ளரையும் வரிசையாகச் செய்யும்போது முதல் டம்ளர் கரைந்து முடிந்திருக்கும். முந்தின நாள் இரவே 900 மி.லி. ஷெரியும் 150 மி.லி. பாகும் கலந்து பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஆரஞ்சு அதில் சேர வேண்டாம். ஐஸை நொறுக்கி, அகலப் பாத்திரத்தில் பரப்பி ஃபிரீசரில் மூடி வையுங்கள். குவியலாக வைத்தால் ஒரே பாறையாகிவிடும், பரப்பியது லேசாக ஒட்டிக்கொண்டாலும் முள்கரண்டியால் கிளறினால் பிரிந்துவிடும். விருந்தாளிகள் வந்தபின் ஒரு குலுக்கலில் இரண்டு டம்ளருக்கு மேல் செய்ய வேண்டாம். ஷேக்கர் நிரம்பிவிட்டால் ஐஸ் உள்ளே ஆட இடமிருக்காது, ஆரஞ்சு எண்ணெயும் பிரிந்து வராது. தம்பியோ தங்கச்சியோ ஒருவர் ஆரஞ்சு வெட்ட, ஒருவர் டம்ளரை நிரப்ப, நீங்கள் குலுக்க, கால் மணி நேரத்தில் பத்துப் பேர் கையிலும் டம்ளர் இருக்கும்.